வெறும் மாத்திரை

ஏனாத்தூர் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாலே எனக்குக் கண் சொருகிவிடும். அன்றும் சொருகியது. அரைத் தூக்கத்தில் என் வீட்டுக்காரர் ஒரு கல்யாணப் பட்டுச் சேலையை விரித்துக்கொண்டே இருந்தார். முந்தானை வரவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே வயலெல்லாம் அரக்கு நிறமாகிவிட்டது. விழித்துப் பார்த்தால், பக்கத்தில் அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுவதுதான் அவர் வேலை. நடுக்கம் வந்த பிறகு, பை கொடுக்கும் இடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். நடுக்கத்துக்குப் புது மாத்திரையைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனது நான்தான்.

சின்ன வயசு டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். “பாதிப் பேருக்கு மருந்து. பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை, உள்ள மருந்தே இருக்காது. யாருக்கு எதுன்னு எங்களுக்கே தெரியாதுங்க ஐயா.”

என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. “பூ கேக்கற மாதிரிதானே? அம்மன் எடுத்துக் குடுப்பா.”

வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து, சந்நிதியில் போட்டு ஒன்றை எடுப்போம். எங்கள் கல்யாணமே அப்படி முடிவானதுதான். எனக்கும் நிம்மதியாக இருந்தது. அவள் எங்களுக்குப் போய் கெட்டதையா எடுத்துக் கொடுப்பாள்?

டாக்டரம்மா சம்மதக் கையெழுத்துக்குப் பேனாவைத் தரவில்லை. “அப்படி இல்லீங்க. உங்களுக்கு எது நல்லதுன்னு பார்த்து யாரும் எடுக்க மாட்டாங்க. கம்ப்யூட்டர் சும்மா எடுக்கும். மருந்தே வந்தாலும் வேலை செய்யுமான்னு தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கத்தான் இதெல்லாம். வேணாம்னா விட்டுடலாம், இப்ப பார்க்கிற வைத்தியம் நிக்காது.”

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அறை தண்ணீருக்குள் இருப்பதுபோல் மங்கியது. அப்படியே இருந்துவிடலாம் போலிருந்தது.

“அப்ப நீங்க எனக்கு எதுவும் குடுக்கலம்மா. என்கிட்டதான் கேட்டுக்கினு இருக்கீங்க,” என்றார் அவர்.

“ஆமாங்க ஐயா.”

நோய் வந்த நாளாக எல்லார் வாசலிலும் நாங்கள்தான் கேட்டு நின்றிருக்கிறோம். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடையில் பாய் நிறையக் கல்யாண வீட்டார் உட்கார்ந்திருக்கும்போது வருகிற பழைய முகம் வந்துவிட்டது. “கேட்டுட்டீங்க இல்ல, எடுத்துக்கங்க,” என்று கோணலாகக் கையெழுத்துப் போட்டார்.

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து முட்டின. ஊருக்கு மருந்து கிடைத்து எனக்கென்ன? எனக்கு இந்த மனுஷனின் கை வேண்டும்.

“உனக்குப் புரிஞ்சுதா?” என்று என் பக்கம் திரும்பினார்.

நன்றாகவே புரிந்தது. சம்மதம்தான் இல்லை. அதை என்னிடம் யாரும் கேட்கவில்லை.