பன்னும் பால் ஊற்றாத டீயும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் வாரத்தில் ஆறு நாள் லேத் ஓட்டினேன். ஏழாம் நாள் உபதேசியார். சம்பளம் கிடையாது என்பதால் 'கௌரவ' என்று முன்னால் ஒரு வார்த்தை சேர்த்துக் கடிதம் கொடுத்திருந்தார்கள். பட்டாபிராமுக்கு அந்தப் பக்கம் ஒரு சபை, அயனம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டி ஒரு சபை. இரண்டுக்கும் சைக்கிள்தான். ஜெபம் பண்ணலாம், பாட்டு நடத்தலாம், பிரசங்கம் பண்ணலாம். ராப்போஜனம் மட்டும் கொடுக்கக் கூடாது. அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் ஆசீர்வதித்துக் கொடுக்கப் பட்டம் பெற்ற போதகர் வர வேண்டும். போதகரை எங்கள் ஜனங்கள் ஐயர் என்பார்கள். ஐயர் பூந்தமல்லியில் இருந்தார். அவர் பொறுப்பில் பதினோரு சபைகள். ஏரிக்கரைக்கு அவர் முறை மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் வரும்.

நான் சொல்வது அறுபதுகளின் கடைசி. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் என் மனைவி டைபாய்டில் போய்விட்டாள். கல்யாணமாகி நாலே வருஷம். அடக்கம் முடிந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை வேறு என்ன செய்வதென்று தெரியாமல் சைக்கிளை எடுத்தேன். பிரசங்கமும் பண்ணினேன். துக்கத்திலும் தளராத விசுவாசி என்று எல்லாரும் மெச்சினார்கள். எனக்குள் ஒன்றுமே இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. கடவுள் மேல் கோபம்கூட வரவில்லை. பழக்கத்தில் கண் மூடும், வாய் ஜெபிக்கும், குரல் கணீரென்று வரும். மனசு மட்டும் மரத்துப்போன கால் மாதிரி கிடந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். அம்பத்தூர் அறையில் ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்திருக்க எனக்குத் தைரியம் இல்லை.

ஏரிக்கரைச் சபையில் ஓர் அம்மாள் இருந்தாள். ஐம்பது வயதிருக்கும். புருஷன் இல்லை. ஒரே மகளோடு நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் பிரசங்கத்தில் நான் ஒரு வரியை விட்டால்கூடக் கண்டுபிடித்துவிடுவாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐயர் வரும் நாளில் விடியற்காலையே குளித்து, மடித்து வைத்த வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு முதல் பாயில் வந்து உட்காருவாள். அந்தத் துளி அப்பத்துக்காகத்தான் மற்ற நாளெல்லாம் சேற்றில் இறங்குகிறேன் என்று ஒருமுறை சொன்னாள்.

அந்த வருஷம் அடைமழை. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்து பாதையே அறுத்துக்கொண்டது. ஐயரால் வர முடியவில்லை. அவர் முறை தவறிப்போனது. அந்த நேரம் பார்த்து அந்த அம்மாள் காய்ச்சலில் விழுந்தாள். பத்து நாளாகியும் இறங்கவில்லை. கட்டிலில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டியதற்கு, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பூந்தமல்லி டாக்டர் சொல்லிவிட்டாராம். முழங்கால் தண்ணீரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், பகல் ஆராதனையை முடித்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். எலும்பும் தோலுமாகக் கிடந்தாள்.

"உபதேசியாரே, ஐயரு வர்ற வரிக்கும் நா இருக்க மாட்டேன். நீயே ராப்போஜனம் குடுத்துடு."

"நான் குடுக்கக் கூடாதும்மா."

"வெறும் வயித்தோட அனுப்பாத நைனா. காத்துகினு கீறேன்."

நம்பிக்கை உள்ளவனாக இருந்திருந்தால் பயந்திருப்பேன். எனக்கு அதெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வாங்கிய பன் ஒன்று பையில் இருந்தது. திராட்சை ரசத்துக்கு எங்கே போவது? மகள் பால் ஊற்றாத டீயை ஒரு கிளாஸில் கொண்டுவந்தாள். ஆராதனைப் புத்தகத்தை எடுத்து, ஐயர் மட்டுமே வாசிக்க வேண்டிய பக்கத்தை வாசித்தேன். பன்னைப் பிட்டு அவள் நாக்கில் வைத்தேன். டீயை ஸ்பூனால் கொடுத்தேன். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. நான் பையை மூடிக்கொண்டு கிளம்பினேன். திரும்பும் வழியில் பசித்தது, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. வாரக் கடைசியில் கஞ்சி குடித்தாள். மாதம் திரும்புவதற்குள் களையெடுக்கப் போய்விட்டாள். எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

கர்த்தரிடம் நன்மை பெற்றவர்கள் சபை நடுவில் எழுந்து சாட்சி சொல்லியே ஆக வேண்டும், வாயை மூடிக்கொண்டிருப்பது நன்றிகெட்டதனம் என்று வருஷா வருஷம் பிரசங்கித்தவன் நான்தான். அறுவடை முடிந்து அறுப்பின் பண்டிகை வந்தது. பூசணிக்காயும் நெல்லும் கட்டிப்போட்ட சேவலுமாகப் பீடத்துக்கு முன்னால் குவிந்திருக்க, ஐயர் வந்து உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் வெள்ளைப் புடவையில் எழுந்தாள்.

"ஐயரே, மழைல நா சாவக் கெடந்தேன். உபதேசியாரு ஊட்டாண்ட வந்து ராப்போஜனம் குடுத்தாரு. மூணாம் நாளு எழுந்து குந்திகினேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!"

எல்லாரும் பழக்கத்தில் ஸ்தோத்திரம் என்றார்கள். ஐயர் முகத்தில் ஈயாடவில்லை.

அவர் கெட்டவர் அல்ல. பண்டிகை முடியும்வரை பொறுத்திருந்து, பிறகு என்னைச் சுவர் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். "இரக்கப்பட்டுச் செஞ்சிருக்கே தம்பி, புரியுது. ஆனா அது ராப்போஜனம் ஆகாது. அடுத்த ஞாயிறு சபையில நீயே சொல்லிடு. சொல்லலேன்னா நான் கமிட்டிக்கு எழுதணும். அப்புறம் நீ பிரசங்கம் பண்ண முடியாது."

இரக்கப்பட்டேனா என்பதே எனக்குத் தெரியவில்லை. சரி ஐயா என்றேன்.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய்த் தனியாக, மெதுவாக எடுத்துச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவே மாட்டேன், எழுதிக்கொள்ளுங்கள் என்று ஐயரிடம் திரும்பிப் போயிருக்கலாம். எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டியிருந்தது. அவளுக்கு வேண்டியிருந்ததை நான் யோசிக்கவே இல்லை.

ஆராதனை முடிந்ததும் அறிவிப்புகள் வாசித்தேன். புதன்கிழமை ஜெபக்கூட்டம். கோயிலுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வேண்டும். மழைக்காலத்தில் நமது சகோதரி ஒருவருக்கு நான் கொடுத்தது ராப்போஜனம் அல்ல, யாரும் அப்படி எண்ண வேண்டாம்.

முதல் பாயிலிருந்து அவள் கேட்டாள். "அப்போ நா துன்னது இன்னா?"

"பன்னும்மா."

"குடிச்சது?"

"டீ."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். நான் முடிவு ஜெபம் பண்ணினேன். குரல் கணீரென்றுதான் வந்தது.

அடுத்த முறை ஐயர் வந்தபோது அவளும் வந்திருந்தாள். முதல் பாயில் இல்லை, கதவோரம், வேலைக்குக் கட்டும் புடவையில். ஐயர் அப்பத் தட்டோடு வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போனார். கிண்ணத்தை ஏந்திக்கொண்டு நான் பின்னால் போனேன். அவளிடம் வந்ததும் ஐயர் அப்பத்தை நீட்டினார். அவள் கையை நீட்டவில்லை.

"வேணாம் ஐயரே. நாளைக்கி இதுவும் இல்லன்னு சொல்லுவீங்கோ."

கோபமாகச் சொல்லவில்லை, கடைக்காரனிடம் சாமான் வேண்டாம் என்பதுபோலச் சொன்னாள். எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. நான் கெடுத்தது அவள் நம்பிக்கையை என்று அப்போதுதான் புரிந்தது. வெட்கத்தில் தலை நிமிரவில்லை. ஐயர் அப்பத்தைத் தட்டில் வைத்துவிட்டு அடுத்தவரிடம் போனார்.

பிறகு மூன்று நான்கு தடவை அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "அட, அத்தெல்லாம் வுடு உபதேசியாரே" என்று உட்கார வைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுப்பாள். என்மேல் அவளுக்கு வருத்தமே இல்லை. கோயிலுக்கும் வருவாள், பாட்டும் பாடுவாள். ராப்போஜனம் மட்டும் வாங்க மாட்டாள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவள் மறுபடி படுத்தாள். இந்தத் தடவை மழை இல்லை. நானே பூந்தமல்லிக்குப் போய் ஐயரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தேன். வெள்ளித் தட்டு, நல்ல அப்பம், நல்ல ரசம், எல்லாம் முறைப்படி. அவளுக்கு நினைவு தெளிவாக இருந்தது. ஐயர் குனிந்தபோது பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் போய்விட்டாள். ஐயருக்கு வேறு சபையில் ஒரு கல்யாணத்தை நடத்திவைக்கும் வேலை இருந்தது. அடக்க ஆராதனை நடத்த உபதேசியாருக்கு அனுமதி உண்டு. நான்தான் நடத்தினேன்.