முழங்கை பற்றிய ஒரு வரி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் வெம்பிளியில் இருந்தபோது நான் வீட்டில் வைத்தே தட்டச்சு வேலை செய்துவந்தேன். பேப்பர்க் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த என் அறிவிப்பைப் பார்த்துவிட்டு வந்தவர்களில் ஒருவர்தான் அந்த அமெரிக்கர். அறுபதைத் தாண்டியவர், ஆங்கிலேய மனைவியோடு ஹரோவில் இருந்தார். வாசலில் நின்றபடியே வலது கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. இளமையில் பேஸ்போல் ஆடியவராம். எறிகிற பந்தைக் குந்தியிருந்து பிடிப்பது அவருடைய வேலை. முறியாத விரல் இல்லை.

"இந்தக் கையால் எழுதுவதை என் மனைவியாலும் வாசிக்க முடியாது. உங்களால் முடிகிறதா பாருங்கள்" என்று ஒரு கட்டு அட்டைகளைத் தந்தார்.

எனக்கு அது பெரிய காரியமாக இருக்கவில்லை. ஊரில் எட்டு வருடம் கணிதம் படிப்பித்தவள், எத்தனையோ கிறுக்கல்களுக்குப் புள்ளி போட்டிருக்கிறேன்.

அமெரிக்காவில் ஒரு தொழில்முறை அணிக்கு அவர் ஆள் பார்த்துக் கொடுப்பவர். வருடாவருடம் ஜூன் மாதம் அங்குள்ள அணிகள் முறைவைத்து, பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆடும் இளைஞர்களில் தமக்கு வேண்டியவர்களைத் தெரிவுசெய்யும். அதற்கு முன்னால் யாராவது நேரில் போய் ஒவ்வொருவனையும் பார்த்து எழுதவேண்டும். இவருக்குக் கிடைத்தது லண்டன் பக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் லண்டன் பூங்காக்களில் அந்த ஆட்டத்தை ஆடும் சிலரைப் பார்ப்பார். யாராவது தேறுவான் போலிருந்தால் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்குக் கடிதம் எழுதிப் படிக்க அனுப்பிவைப்பார். அங்கே போய்ச் சேர்ந்தால்தான் ஜூன் மாதப் பட்டியலில் பெயர் வரும்.

அவருடைய புள்ளிக்கணக்கு இருபதில் தொடங்கி எண்பதில் முடியும். ஏன் பூச்சியத்தில் தொடங்கவில்லை என்று கேட்டேன். "பந்தைக் கையில் எடுத்தவன் எவனும் பூச்சியம் இல்லை" என்றார். ஓர் அட்டையில் 'கைகள் மென்மையானவை' என்று இருந்தது. பாவம், பெடியனைக் குறை சொல்கிறாரே என்று நினைத்தேன். பந்து வந்து விழும்போது துள்ளாமல் வாங்கிக்கொள்ளும் கை என்று பிறகுதான் தெரிந்தது. எவ்வளவு மோசமாக ஆடியவனைப் பற்றியும் ஏளனமாக ஒரு சொல் எழுதமாட்டார். நான் வேலை செய்த மற்ற இடங்களில் மனிதரைப் பற்றி எழுதிய அறிக்கைகளைத் தட்டச்சில் அடித்திருக்கிறேன். அவற்றில் அப்படியொரு மரியாதையை நான் கண்டதில்லை.

என் கணவருக்கு இது வேடிக்கை. "உமக்குக் கிரிக்கெட்டே விளங்காது. இப்ப பேஸ்போலோ?" என்பார்.

"விளங்கத் தேவையில்லையப்பா. மனுசரைப் பற்றித்தான் எழுதுறார்" என்பேன்.

ஒருநாள் அடித்த கடிதத்தில் இருந்த குடும்பப் பெயரைப் பார்த்து விரல் நின்றுவிட்டது. மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெயர். ஈஸ்ட் ஹாமில் வளர்ந்த பெடியன், பந்து எறிபவன். அந்தக் கடிதத்தால் அவன் அமெரிக்கா போனான். இரண்டாம் வருடம் டிசம்பரில் நத்தார் விடுமுறைக்கு அவன் வந்திருந்தபோது அமெரிக்கர் என்னைக் கேட்டார்: "அவனுடைய வீட்டுக்குப் போகவேண்டும். தாய்க்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். நீங்கள் கூட வருவீர்களா?"

போகவேண்டிய நாள் காலையில் முதலில் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்துக்குப் போனோம். வெளியே மழை. பெடியன் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தான், இருபது வயது. "வணக்கம் அன்ரி" என்றுவிட்டு, மற்றதெல்லாம் ஆங்கிலத்தில் பேசினான். அவனுடைய பழைய குழு நண்பன் ஒருவன் எதிர்ப்பக்கம் குந்தியிருந்தான். அமெரிக்கர் வேகம் பார்க்கும் கருவியைப் பிடித்துக்கொண்டு எண்ணைச் சொல்ல, நான் சுவரோரம் இருந்த வாங்கில் உட்கார்ந்து குறித்தேன்.

எழுத்தில் மட்டுமே அறிந்திருந்த ஒன்றை அன்றுதான் கண்ணால் கண்டேன். அவன் ஒரு காலைத் தூக்கி, உடம்பைப் பின்னுக்குச் சுருட்டி, பிறகு அவிழ்த்துவிட்டான். பந்து போனதை நான் காணவில்லை. எதிர்ப்பக்கக் கையுறையில் கதவை அறைந்தது போல் சத்தம் மட்டும் கேட்டது. நான் எண்ணை எழுத மறந்துவிட்டேன். அமெரிக்கர் திரும்பிப் பார்த்து, "எனக்கும் முதல்முறை அப்படித்தான்" என்றார்.

அங்கிருந்து அவனுடைய வீட்டுக்குப் போனோம். ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் நகைக்கடை ஒன்றுக்கு மேல்மாடி. தகப்பன் வேலைக்குப் போயிருந்தார். மூலையில் பாலன் குடில் வைத்திருந்தது. தாய் கேக்கும் பற்றீசும் கொண்டுவந்து வைத்தார். அமெரிக்கர் கேள்விகளைத் தொடங்கினார். மகன் தெரிவானால் படிப்பை விட்டு ஆடப்போகச் சம்மதமா? தோற்ற நாளில் வீட்டுக்கு வந்தால் என்ன செய்வான்? பிழை விட்டால் யாரைக் குற்றம் சொல்வான்?

"தங்கச்சி, இவர் என்ன, பொம்பிளை பாக்க வந்த ஆக்கள் மாதிரிக் கேக்கிறார்?" என்றார் தாய். நான் மொழிபெயர்த்தேன். "கிட்டத்தட்ட அதுதான்" என்று அமெரிக்கர் தலையாட்டினார்.

பெடியன் தேநீர் போட அடுப்படிக்குப் போன நேரத்தில் தாய் என் பக்கம் குனிந்தார்.

"உங்களுக்கெண்டபடியாச் சொல்லுறன். எறிஞ்சிட்டு வந்தால் முழங்கையைப் பிடிச்சுக்கொண்டு இருப்பான். உப்பு வறுத்து ஒத்தடம் குடுக்கிறனான். கேட்டால் ஒண்டுமில்லை எண்டுறான். இந்த மனுசனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

அமெரிக்கர் என்னைப் பார்த்தார். "தாய்மாருக்கு இருக்கிற கவலைதான்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சொன்ன உடனேயே முகம் சுட்டது. ஒரு சொல்லும் பொய்யில்லை, ஆனால் நான் அவருக்கு மொழிபெயர்க்க வந்தவள். பெடியன் கேத்திலோடு வந்து எல்லோருக்கும் ஊற்றினான்.

திரும்பும்போது காரில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து அட்டைகளைக் கொண்டுவந்தார். கடைசி அட்டையில் ஒரு வரி: 'முழங்கை: அவனிடம் கேட்கவேண்டும்.'

அதைக் கண்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. "அன்றைக்கு அந்தத் தாய் சொன்ன ஒன்றை நான் உங்களுக்குச் சொல்லவில்லை" என்றேன்.

அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். "வேண்டாம். அவர் உங்களை நம்பிச் சொன்னது, உங்களிடமே இருக்கட்டும். வலக்கைக்காரன் கொதிக்கிற கேத்திலை இடக்கையால் ஊற்றினான். காலையில் கடைசிப் பத்துப் பந்தும் நேரே எறிந்தான், ஒன்றையும் வளைக்கவில்லை; வளைத்தால்தான் முழங்கை நோகும். எனக்கு அது போதும். நாளைக்கு அவனை இங்கே வரச்சொல்கிறேன்."

இத்தனை பார்த்திருந்தும் காரில் ஒரு சொல் கேட்டு என்னைச் சங்கடப்படுத்தாமல் வந்திருக்கிறார். அந்த மனிதரிடம் எனக்கிருந்த மதிப்பு அன்று இரட்டிப்பானது.

மறுநாள் பெடியன் எங்கள் முன்னறையில் வந்து இருந்தான். நான் எழும்பிப் போகப் பார்த்தேன், அமெரிக்கர் இருக்கச் சொன்னார். சுற்றிவளைக்காமல் கேட்டார். "எவ்வளவு நாளாக நோகிறது?"

அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "செப்ரெம்பரிலிருந்து" என்றான்.

"பயிற்சியாளருக்குத் தெரியுமா?"

"இல்லை."

"இதை நான் எழுதத்தான் வேண்டும். உன்னிடம் சொல்லாமல் எழுதக்கூடாது என்றுதான் கூப்பிட்டேன்."

"எழுதினால் என்னை ஒருத்தரும் எடுக்கமாட்டார்கள்."

"இந்த வருடம் எடுக்கமாட்டார்கள். எழுதாமல் விட்டால் நீ ஏப்ரல் மாதமும் எறிவாய், அந்தக் கை முறியும். பிறகு எந்த வருடமும் எடுக்கமாட்டார்கள்."

பெடியனுடைய கண் கலங்கிவிட்டது. அமெரிக்கர் அவனைத் தேற்றப் போகவில்லை. என் பக்கம் திரும்பி, முழு அறிக்கையையும் அவன் முன்னாலேயே சொல்லத் தொடங்கினார், நான் அடித்தேன். வேகம், தோள், கால்வைப்பு, நிதானம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். முழங்கை நோவையும் சொன்னார், வைத்தியர் பார்க்கும்வரை எறியக்கூடாது என்றார். ஆளின் குணத்துக்கென்று ஒரு கட்டம் உண்டு. அதில் எழுபது போடச் சொன்னார். அந்தக் கட்டத்தில் நான் அதுவரை அறுபதுக்கு மேல் அடித்ததில்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன். "கேட்டதும் உண்மை சொன்னான்" என்றார்.

"அன்ரி, அவர் சொன்னதைத்தானே அடிச்சனீங்கள்?" என்று அவன், அந்த வணக்கத்துக்குப் பிறகு முதல்முறையாக, தமிழில் கேட்டான்.

"ஓம் தம்பி. ஒரு சொல்லும் கூட்டேல்லை, குறைக்கேல்லை."

தாளை வாங்கி இரண்டுதரம் வாசித்தான். பிறகு மடிக்காமல் அமெரிக்கரிடம் கொடுத்துவிட்டு எழும்பிப் போனான்.

ஜூன் மாதம் அவன் பெயரை எவரும் கூப்பிடவில்லை. அந்த வாரமே தாய் ரெலிபோன் எடுத்தார்.

"தங்கச்சி, சொல்லாதேங்கோ எண்டனான். சொல்லிப்போட்டீங்கள்."

"அக்கா, சத்தியமா நான் சொல்லேல்லை."

வைத்துவிட்டார். ஒரு மாதம் கழித்துத் திரும்பவும் எடுத்தார். கேட்டதும் தானே ஒப்புக்கொண்டதாக மகன் சொல்லியிருக்கிறான். மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. "அமெரிக்காவிலை டொக்டர் ஏதோ கிழிஞ்சிருக்கெண்டு எழுதியிருக்கிறார். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. ஒருக்கா வாசிச்சுச் சொல்லுறீங்களோ?" என்றார். டிஸ்ட்ரிக் லைன் ரயிலில் ஈஸ்ட் ஹாம் போய் அந்தக் கடிதத்தை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். அன்று எதையும் விடவில்லை.

சத்திரசிகிச்சை நடந்தது. ஒரு வருடம் முழுக்க அவன் பந்தைத் தொடவில்லை, படித்தான். அதற்கடுத்த ஜூனில் கிட்டத்தட்டப் பட்டியலின் அடியில் ஓர் அணி அவனைக் கூப்பிட்டது. அமெரிக்கருடைய அணி அல்ல, வேறொன்று. அவருக்கு அதில் துளிகூட மனக்குறை இல்லை. செய்தி சொல்ல ஹரோவிலிருந்து நடந்தே வந்தாராம், கோட்டு முழுக்க நனைந்திருந்தது.

பழைய வேகம் முழுதாகத் திரும்பவில்லை. அந்த அணியின் கீழ்நிலைக் குழுக்களோடு சின்ன ஊர்களில் இரண்டு கோடைகாலம் ஆடினான். பிறகு லண்டனுக்கு வந்து, காயப்பட்டவர்களுக்குப் பயிற்சி கொடுத்துத் தேற்றும் படிப்புப் படித்தான். இன்றைக்கும் அந்த வேலைதான்.

அவன் ஆடிய காலத்தில் தாய் ஒருமுறை போய்ப் பார்த்தார். வந்ததும் என்னோடு பேசினார்.

"நல்லா எறிஞ்சவன், தங்கச்சி. ஆட்டத்துக்கு நடுவிலை சனம் முழுக்க எழும்பி நிண்டு அவனுக்காகப் பாட்டுப் பாடினது. நானும் எழும்பினன். அழுகை வந்திட்டுது."

அமெரிக்கரிடம் இதைச் சொன்னேன். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஏழாவது சுற்றில் கால் உளைவு போக எல்லோரும் எழும்பிப் பாடுவார்களாம், அது அங்கத்தைய வழக்கமாம். "அந்த அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"நான் சொல்லவில்லை" என்றேன்.

"நானும் சொல்லமாட்டேன்" என்றுவிட்டு, அடுத்த கட்டு அட்டைகளை மேசையில் வைத்தார்.