மாஷிக்கு நன்றி அட்டை

வங்காளத்து டாக்குரியாவில் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை நான். துர்கா பூஜை விடுமுறைக்கு முன் பிள்ளைகளுக்கு நன்றி சொல்லக் கற்றுக்கொடுக்கும் கூத்து வருடாவருடம் என் தலையில்தான் விழும். இந்த வருடம், வகுப்பறையைப் பெருக்கும் அம்மாவுக்கு, எங்கள் மாஷிக்கு, நன்றி அட்டை செய்யச் சொன்னேன். நான் போர்டில் மாதிரிக்கு எழுதிய ஆங்கில வரியை அத்தனை பேரும் அப்படியே பார்த்து எழுதினார்கள். அட்டைகளைச் சுவரில் ஒட்டி, போட்டோ எடுத்து, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டாயிற்று. மாஷியைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

மணி அடித்ததும் அவர் துடைப்பத்தோடு வந்தார். தரையெல்லாம் ஜிகினா. சுவரைக் காட்டி, "தீதி, இந்தக் குப்பையையும் எடுத்துடவா?" என்று வங்காள மொழியில் கேட்டார். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. அதெல்லாம் உங்களுக்குத்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"எடுத்துடுங்க" என்றேன்.