மழையில் அணைக்காத மெஷின்கள்

புது சர்வர் ஏற்றிய பிறகு வந்த முதல் மழை நாளிலேயே என் மானம் கப்பலேறியது.

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி. நெட்வொர்க் என் பொறுப்பு. பத்து கம்ப்யூட்டர் மெஷின் இருந்த இடத்தில் நூறு ஆகியிருந்தன. வேலை செய்பவர்களை எண்ணி, மேலே கொஞ்சம் சேர்த்துத்தான், ஒரே நேரத்தில் இத்தனை பேர் சர்வருக்குள் இருக்கலாம் என்ற யூசர் லைசென்ஸ் வாங்கினோம். பற்றாமல் போக வாய்ப்பே இல்லை என்று மேனேஜரிடம் அடித்துச் சொல்லியிருந்தேன்.

இலை லாரிகள் வந்து நின்றபோது கேட்டில் எடை போடும் கம்ப்யூட்டர் சர்வருக்குள் போகவில்லை. 'யூசர் வரம்பு முடிந்தது' என்றது திரை.

மேனேஜர் கத்தினார். "கையில எழுதிக் குடுத்து எறக்குங்கய்யா!"

சிறு விவசாயிகள் அசையவில்லை. கைச்சீட்டில் எடை குறைந்து ஏற்கெனவே பெரிய சண்டை நடந்திருக்கிறது. அவர்களில் ராதாமணி அக்கா முன்னால் வந்தார். "மெஷின் சீட்டு இல்லாம ஒரு மூட்டை எறங்காதுங்க. ஆனா வெரசாப் பண்ணுங்க, இலை சூடாகுது." என் கையைப் பிடித்துச் சாக்குக்குள் விட்டார். கதகதவென்று இருந்தது. சூடேறினால் இலை சிவந்துவிடும்; சிவந்த இலையை ஃபேக்டரி வாங்காது. சர்வர் ரூமுக்கு ஓடினேன்.

சர்வரில் பார்த்தால் ஒவ்வொருவர் பெயரும் இரண்டு மூன்று தடவை. இடம் மாறி உட்கார்ந்தவர்கள் பழைய மெஷினிலிருந்து வெளியே வரவே இல்லை. எல்லாருடைய இணைப்பையும் மொத்தமாக வெட்டிவிடலாம். ஆனால் யாராவது பாதியில் ஏற்றிக்கொண்டிருக்கும் கணக்கும் சேர்ந்து போய்விடும். ஆளில்லாத மெஷின்களைத் தேடி ஓடினேன்.

ஸ்டோர் ரூமில் ஒன்று சும்மா ஓடிக்கொண்டிருந்தது. சுவிட்சில் கை வைத்ததும் கிளார்க் பார்வதி பாய்ந்து வந்தார்.

"ஏனுங்க சார், அணைச்சுப்போடாதீங்க! மழைல ஆஃப் பண்ணுனா ஈரம் ஏறி, நாளைக்கு மெஷின் எந்திரிக்காது."

"எல்லாருமே இப்படித்தானா?"

"பின்னே? மழை விட்டாத்தானுங்க அணைப்போம்."

அடக் கடவுளே! ஆளை எண்ணினேன், மழையை எண்ணவில்லை.

"மெஷின் ஓடட்டுங்க. லாக் அவுட் மட்டும் பண்ணச் சொல்லுங்க!"

பார்வதி ஒவ்வொரு ரூமாகக் கத்திக்கொண்டே ஓடினார். கேட்டில் முதல் சீட்டு அச்சாகி வந்தது.

அதற்குள் ராதாமணி அக்காவின் அடி மூட்டை சிவந்துவிட்டது. அதை மட்டும் ஒதுக்கி வைத்தார்கள். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"உங்க மெஷினுக்கு ஈரம் ஆகாது, எங்க இலைக்குச் சூடு ஆகாது," என்றார். "ரெண்டையும் பாத்துட்டுத் திட்டம் போடுங்க சார்."

வேறு மெஷினில் நுழைந்தால் பழையது தானாக வெளியேறும்படி அன்றே மாற்றினேன். இப்போது எந்த ஃபேக்டரிக்குப் போனாலும் சர்வர் ரூமுக்குப் போகும் முன்பே கேட்டுக்குப் போகிறேன். ஒரு மூட்டைக்குள் கை விட்டுப் பார்த்த பிறகுதான் லைசென்ஸ் கணக்கே போடுகிறேன்.