தலை நனையாமல் சைக்கிள் மிதித்த கதை

தொப்பி செய்கிறவர்களில் ஒருவர்கூடப் பெண்ணின் தலையைப் பின்னாலிருந்து பார்த்ததில்லை என்பது என் முடிவு. பார்த்திருந்தால் அங்கே ஒரு கொண்டை இருக்கும் என்று தெரிந்திருக்கும். எனக்கு என்ன தொப்பி சரி என்று அறிவுரை சொன்னவர்களும் அப்படித்தான். அவர்களில் யாரும் தினமும் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போனதில்லை. அதனால்தான் எல்லோரிடமும் அவ்வளவு உறுதியான கருத்துகள் இருந்தன.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். கணவருக்கு ஷிப்டு வேலை. எனக்கு பங்சாரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. மகளுக்கு ஐந்து மாதம். பகலில் அவளைப் பார்த்துக்கொண்டவர் கணவரின் அக்கா. அதே வரிசையில் இரண்டு வீடு தள்ளி இருந்தார். மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். அதை ஒரு நாளும் நாங்கள் மறந்துவிடாமல் பார்த்துக்கொண்டார்.

மதியம் எனக்கு ஒரு மணி நேரம் இடைவேளை. மினி பஸ்ஸை நம்பினால் அந்த ஒரு மணி நேரமும் நிறுத்தத்திலேயே தீர்ந்துவிடும். சைக்கிளில் கால் மணி நேரம். வீட்டுக்கு வந்து பிள்ளைக்குப் பால் கொடுத்து, நின்றபடியே நாலு வாய் சோறு தின்றுவிட்டுத் திரும்பிவிடலாம். ஆக, ஒரு நாளைக்கு நான்கு தடவை டிராவர்ஸ் ரோட்டில் மிதித்தேன். காலையில் ஈரக் காற்று, மதியம் மண்டையைப் பிளக்கும் வெயில், சாயங்காலம் மழை. சைக்கிள் இருந்ததால்தான் என் பிள்ளை தாய்ப்பால் குடித்தாள். எனக்கு அது ஒன்றுதான் கணக்கு.

இடையில் ஒரு சட்டம் இருந்தது. பால் கொடுக்கிறவளின் தலை நனையக் கூடாது. நனைந்தால் அந்தக் குளிர்ச்சி பாலில் இறங்கும், பாலிலிருந்து பிள்ளையின் நெஞ்சில் இறங்கும். அக்காவுக்கு இதைச் சொன்னவர் அவர் மாமியார். அந்த மாமியார் மழைக்காலத்தில் பங்சாருக்கு வேலைக்குப் போனவர் அல்ல.

நான் ஆறாம் படிவம் வரை, பல்கலைக்கழகத்தின் வாசற்படி வரை, படித்தவள். உயிரியலில் நல்ல மதிப்பெண். மூச்சுக்குழாயை வரைந்து பாகங்களுக்குப் பெயர் எழுதச் சொன்னால் இன்றைக்கும் எழுதுவேன். தலைமுடியிலிருந்து பால் ஊறுவதில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டுக்கொண்டேன். ஒருவேளை அக்கா சொல்வது சரியாக இருந்துவிட்டால் என்ன செய்வது? படித்தவளின் மூளையில் அந்த 'ஒருவேளை' நுழைந்துவிட்டால் அதைவிட மூட நம்பிக்கை வேறு கிடையாது.

முதலில் வந்தது கணவரின் பழைய ஹெல்மெட். அவருடைய கப்சாய் மோட்டார் சைக்கிளுக்குப் புதிது வாங்கியதும் பழையது எனக்கு வந்து சேர்ந்தது.

"இதப் போட்டுக்க. மழையும் படாது, விழுந்தா மண்டையும் ஒடையாது."

"சைக்கிளுக்கு யாருங்க ஹெல்மெட் போடறா?"

"யாரும் போடலன்னா என்ன, நீ போடு. சேஃப்டிலா."

அந்த சேஃப்டிக்குள் பல வருடத்துத் தலை எண்ணெய் நாற்றம் இருந்தது. கொண்டையை அவிழ்த்தால்தான் தலை உள்ளே போகும். அவிழ்த்தால் ஹெல்மெட் லொடலொடவென்று ஆடிப் புருவத்தில் வந்து உட்காரும். பின்னால் லோரி வருவது காதில் விழாது. மழை படாது என்பது மட்டும் உண்மை. சோற்றுப் பானையைக் கவிழ்த்துக்கொண்டாலும் மழை படாதுதான்.

முச்சந்தியில் ஓர் ஒட்டுக்கடை இருந்தது. காலையில் டீ குடிக்க வருகிறவர்களுக்கு நான் வந்த பிறகுதான் ரொட்டி இறங்கும் போலிருந்தது.

"அக்கா, ராக்கெட் எத்தன மணிக்கு மேல போவுது?"

"டேய், சும்மா இரு. அவங்க பேங்க்குல கொள்ளையடிச்சிட்டு அவசரமா போறாங்க."

பெரிய நகைச்சுவை மேதைகள். அதே இரண்டு வாக்கியத்தை ஒன்பது நாள் சொன்னார்கள். பத்தாம் நாள் ஹெல்மெட் அலமாரிக்கு மேலே போனது.

அடுத்தது ஓலைத் தொப்பி. கட்டட வேலைக்குப் போகும் பெண்கள் அணிவதுபோல் விளிம்பு அகலமானது. மளிகைக்கடைச் சீனர் அதை இரண்டு விரலால் சுழற்றிக் காட்டினார்.

"இது நல்ல சாமான், ஆன்டி. வெயில், மழை, எல்லாம் போலே."

எனக்கு இருபத்தாறு வயது. ஆன்டி என்றதைப் பொறுத்துக்கொண்டேன், மலாயில் எல்லாம் முடியும் என்றாரே என்று. மதிய வெயிலுக்கு அது நல்ல தொப்பிதான், நின்றுகொண்டிருந்தால். இறக்கத்தில் விட்டால் காற்று விளிம்புக்குள் புகுந்து தொப்பியை மேலே தூக்கும், தாடைக்கயிறு தொண்டையை நெரிக்கும். ஒரு கையால் தொப்பியைப் பிடித்து, ஒரு கையால் பிரேக்கைப் பிடித்து, சலாம் வைத்தபடி ஊர்வலம் போகிறவளைப்போல பங்சாரிலிருந்து இறங்கினேன். மழையில் ஓலை ஊறி விளிம்பு முகத்தில் தொங்கியது. அதில் தேங்கிய தண்ணீர் நான் பிரேக் பிடித்தபோது மொத்தமாக முன்னால் கொட்டியது, தலையைத் திருப்பியபோது மீதி முதுகுக்குள் போனது. எல்லாம் போலே.

மூன்றாவது, பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் வாங்கிய குளியல் தொப்பி. பிளாஸ்டிக், விளிம்பில் எலாஸ்டிக், மேலே ரோஜாப்பூ. கொண்டையையும் சேர்த்து மூடிய ஒரே தொப்பி அதுதான். பார்க்க எப்படி இருந்தது என்று நான் எழுதப் போவதில்லை. ஒட்டுக்கடை மேதைகள் அதற்காகப் புதிய வாக்கியம் தயாரித்தார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒரு சொட்டு மழை உள்ளே போகவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மழைக்காகக் காத்திருப்பானேன் என்று மதியமும் அதையே மாட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து கழற்றியபோது தலை சொட்டியது. அக்கா தொட்டுப் பார்த்தார்.

"வெளிய வெயில் காயுது. எங்க போயி நனைஞ்ச?"

"மழை இல்லக்கா. வேர்வை."

"வேர்வ மட்டும் என்ன, தண்ணி இல்லியா?"

உயிரியல் புத்தகத்தின்படியும் அது தண்ணீர்தான்.

தலை நனைந்து வந்தால் அதற்கொரு பரிகாரம் இருந்தது. அக்கா தூபக்காலில் கொட்டாங்கச்சித் தணலைப் போட்டு, ஒரு பிடி சாம்பிராணியைத் தூவி வைப்பார். நான் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, முடியை விரித்து அந்தப் புகையில் காட்ட வேண்டும். ஈரத்தலையில் காற்றுப் படக் கூடாது என்பதால் அறையின் ஜன்னல், கதவு இரண்டும் சாத்தியிருக்கும். பிள்ளையோ பசியில் கத்திக்கொண்டிருப்பாள். எனக்குத் திரும்பிப் போக நேரமாகிக்கொண்டிருக்கும். அதனால் இரண்டையும் ஒன்றாகச் செய்தேன். பின்னால் முடி உலர்ந்தது, முன்னால் பிள்ளை குடித்தாள். நேரத்தை மிச்சப்படுத்தும் என் சாமர்த்தியத்தை எண்ணி உள்ளுக்குள் மெச்சிக்கொண்டதும் உண்டு. அதுவரை மழை நாள் சாயங்காலத்தில் மட்டும் இருந்த புகை, குளியல் தொப்பி வந்த பிறகு மதியத்துக்கும் வந்தது.

மழைக்காலம் வலுத்தபோது பிள்ளைக்கு இருமல் வந்தது. முதலில் காலையில் இரண்டு இருமல். பிறகு பால் குடிக்கும்போதே விட்டுவிட்டு இருமினாள். பிறகு மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில்போல் ஒரு சத்தம்.

அக்காவுக்குக் காரணம் தெரிந்திருந்தது. "நான் சொன்னேன். கேட்டாளா? மழையில சைக்கிள் ஓட்டிட்டு வந்து ஈரத்தலையோட பாலக் குடுத்தா பிள்ள நெஞ்சு என்னாவும்?"

"தலைய மூடிட்டுத்தானேக்கா வரேன்."

"மூடுற லட்சணத்ததான் பாக்கிறனே."

கணவர் யாரையும் கோபித்துக்கொள்ளாத மனிதர். அது ஒரு குணம் என்று கல்யாணத்தின்போது சொன்னார்கள். அவர் நியாயமாக யோசித்து ஒரு முடிவு சொன்னார். "மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். அப்பவும் இழுத்துச்சின்னா சைக்கிள நிறுத்திடு. ஒண்ணு வேலைய விடு, இல்லன்னா பிள்ளைக்குப் பவுடர் பால் போடு. வேற வழி இல்ல."

நான் வாதாடவில்லை. வாதாடத் தெரியாமல் இல்லை. பகல் முழுவதும் வழக்கறிஞரின் வாதங்களை நான்தான் டைப் அடித்தேன். ஆனால் அந்த விசில் சத்தத்தைக் கேட்ட பிறகு, நான் குற்றவாளி இல்லை என்று எனக்கே நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மறுநாளிலிருந்து தலையில் பருத்தித் துண்டு, அதன்மேல் குளியல் தொப்பி, அதன்மேல் ஓலைத் தொப்பி. மூன்றையும் சேர்த்து ஊக்கு குத்தினேன். கழற்றும்போது முன்னைவிட அதிகமாக நனைந்திருந்தேன். புகையும் முன்னைவிடக் கூடியது. இருமலும்.

மாதத்தின் நடுவில் ஒரு சனிக்கிழமை, அரைநாள் வேலை முடிந்து, பிள்ளையை கிளினிக்குக்குத் தூக்கிப் போனேன். டாக்டர் ஒரு தமிழ் அம்மா. பிள்ளையின் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டவர், குனிந்து அவள் உச்சந்தலையை முகர்ந்தார்.

"என்னம்மா, பிள்ள மேல கோயில் வாசன அடிக்குது?"

"சாம்பிராணி, டாக்டர். பிள்ளைக்கு இல்ல. எனக்குப் போடறது. தலை காய."

"எப்பப்பப் போடுவீங்க?"

"தலை நனையிறப்ப. இப்ப டெய்லி ரெண்டு தடவ."

"கதவு தொறந்திருக்குமா?"

"சாத்திடுவோம். காத்துப் படக்கூடாதுன்னு."

"அப்ப பிள்ள எங்க இருக்கும்?"

அந்தக் கேள்வியை எனக்கு நானே கேட்டிருக்க வேண்டும். உயிரியலில் அறுபது மாணவர்களில் மூன்றாவதாக வந்தவள் கேட்டிருக்க வேண்டும்.

"மடியில," என்றேன்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே, "பொகதான் காரணம். தலை நனைஞ்சா துண்டால தொடைங்க. அவ்வளவுதான். பாலக் குடுங்க, நிறுத்த வேணாம்," என்றார்.

அன்று வீடு வரும் வழியில் என்மேல் எனக்கு வந்த வெறுப்பை எந்தத் தொப்பியாலும் மூட முடியாது. ஹெல்மெட்டையும் ஓலையையும் ஒட்டுக்கடைக்காரர்களையும் இத்தனை நாள் இளக்காரமாகப் பார்த்தவள், மூச்சுக்குழாயை வரைந்து மதிப்பெண் வாங்கிவிட்டு, அதில் இரண்டு வேளையும் புகையைப் போட்டிருக்கிறேன். அக்காவையாவது சொல்லலாம், அவர் நம்பிச் செய்தார். நான் நம்பாமலேயே செய்தேன்.

திங்கட்கிழமை குளியல் தொப்பியைக் குப்பையில் போட்டேன். காலையில் தலையில் எதுவும் இல்லை. மதிய வெயிலுக்கு மட்டும் ஓலைத் தொப்பி. அதன் பின்விளிம்பைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொண்டைக்கு வழி விட்டேன், தாடைக்கயிற்றை எடுத்துவிட்டு இரண்டு கொண்டை ஊசியால் முடியில் குத்தினேன். இறக்கத்திலும் அது பறக்கவில்லை. எந்தத் தொழிற்சாலைக்கும் தோன்றாத யோசனை. மழை வந்தால் தொப்பியைக் கழற்றி, பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கூடையில் வைத்துவிட்டு நனைந்தேன்.

அன்று சாயங்காலமே கொட்டியது. அக்கா தூபக்காலோடு வாசலில் நின்றார்.

"வேணாம்க்கா. டாக்டர் சொல்லிட்டாங்க, பொகதான் காரணமாம்."

"என் மூணு பிள்ளையும் இந்தப் பொகையிலதான் வளந்துச்சி. டாக்டருக்கு எத்தன பிள்ள?"

"கேக்கலக்கா."

"கேட்டிருக்கணும்."

துண்டால் துடைத்தேன். போதுமா என்று சந்தேகம் வந்து இன்னொரு துண்டால் துடைத்தேன். ஜன்னலைத் திறந்து வைத்துப் பிள்ளையை எடுத்தேன். முடியிலிருந்து ஒரு சொட்டு அவள் கன்னத்தில் விழுந்தபோது அவசரமாகத் துடைத்தேன். அவள் குடிப்பதை நிறுத்தவில்லை. ஒருவேளை டாக்டர் சொன்னது தவறாக இருந்துவிட்டால்? தினமும் நனைந்தேன், தினமும் அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன். நாளுக்கு நாள் விசில் மெலிந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது வெறும் மூச்சுதான் இருந்தது.

மாதக் கடைசி நாளும் மழை. நான் வந்தபோது கணவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டிருந்தார், பக்கத்தில் அக்கா. தவணை நாள் என்பது மூவருக்கும் தெரியும். அவர் பிள்ளையின் முதுகில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார். ஏதோ அவரே குணப்படுத்தியதுபோல் தலையசைத்தார்.

"நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்பற? சைக்கிளுக்குக் காத்தடிச்சி வைக்கிறேன்."

தீர்ப்பு அவ்வளவுதான். இதற்காக நான் இரண்டு வாரம் ஒழுங்காகத் தூங்கவில்லை.

அக்கா என்னை உச்சியிலிருந்து கால்வரை பார்த்தார். என் காலடியில் தண்ணீர் குளமாகியிருந்தது.

"தொப்பி எங்க?"

"கூடையிலக்கா."

"நனைஞ்சிடுச்சா?"

"இல்லக்கா," என்றேன். "அது ஒண்ணுதான் நனையல."