கோடைக்கு மட்டும் முளைக்கும் சொந்தக்காரர்கள்

கனடாவின் பாரி நகரத்து ஏரிக்கரையில் ஒரு வீடு இருந்தால் போதும், ஜூலை மாதத்தில் சொந்தக்காரர்களுக்குப் பஞ்சமே இருக்காது. முரியல் ஸ்டோடார்ட்டுக்கும் இருந்ததில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். வயது அறுபதைத் தாண்டியாயிற்று. கணவன் போய்ச் சேர்ந்து சில வருடங்கள். ஆனால் கணவனின் தம்பி கார்டன் டொரண்டோவிலிருந்து வருடம் தவறாமல் குடும்பத்தோடு வந்து இறங்கினான்.

கூரை ஒழுகினால் அது முரியலின் வீடு. வெயில் அடித்தால் அவன் வாயில் அது 'நம்ம காட்டேஜ்'. என்ன நெஞ்சழுத்தம்! போன குளிர்காலத்தில் வாசல் பனியை வாரும்போது அவள் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். "ரோடெல்லாம் ஒரே ஐஸாமே அண்ணி, பாத்து இருங்க" என்று போனை வைத்தவன்தான் இவன்.

வராதே என்று சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். அந்த ஊரில் அந்தப் பழக்கம் கிடையாது. மிதித்தவனிடம் மிதிபட்டவன் மன்னிப்புக் கேட்கிற ஊர் அது. ஏரிக்கரைக்காரர்கள் கோடையில் துண்டுகளைத் துவைத்து அடுக்கி, வந்தவர்களுக்குப் பொங்கிப் போட்டு, அவர்கள் போன பிறகு ஒரு வாரம் முனகுவார்கள். அடுத்த வருடம் "அவசியம் வாங்க" என்று அவர்களே கூப்பிடுவார்கள். முரியலும் இந்தக் கோழைக் கூட்டத்தில் ஒருத்திதான்.

இந்த வருடம் அவளுக்கு ஒரு காரியம் இருந்தது. ஏர்ல் ஃப்ளின்டாஃப், படகு மோட்டார் பழுது பார்ப்பவர், மனைவியை இழந்தவர், இத்தனை நாளாக அவளிடம் மழையையும் காற்றையும் தவிர வேறெதுவும் பேசாத மனிதர், திடீரென்று கேட்டுவிட்டார்: "சனிக்கிழமை மீன் கொண்டு வரட்டுமா? சேர்ந்து சாப்பிடலாம்." கேட்டு முடிப்பதற்குள் காது சிவந்துவிட்டது. இன்னொரு முறை கேட்கிற தைரியம் அவருக்கு வராது என்று முரியலுக்கு நன்றாகத் தெரியும். உடனே சரி என்றுவிட்டாள்.

மறுநாளே கார்டன் போன் செய்தான். "அண்ணி, வெள்ளிக்கிழமை வந்துடறோம்."

"இந்த வாரமா? கொஞ்சம்..."

"உங்களுக்கு என்ன வேலை? ஸ்கூல்தான் லீவாச்சே!"

"அதுக்கென்ன, வாங்க" என்றது அவள் வாய். அந்த வாயை என்னதான் செய்வது?

வந்தார்கள். போதாததற்கு ஆபீஸ்காரர்கள் நாலு பேரையும் இழுத்துக்கொண்டு வந்தான். சனிக்கிழமை மாலை வீட்டுப் படகுத்துறை நாற்காலிகளிலெல்லாம் அவர்களின் ஈர உடம்புகள். "இந்த ஏரிய என்னைவிடத் தெரிஞ்சவன் எவன் இருக்கான்!" என்று அளந்துகொண்டிருந்தான் கார்டன். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காத வீரன்.

அப்போதுதான் ஏர்லின் படகு வந்தது. இஸ்திரி போட்ட சட்டை, கையில் கழுவிச் சுத்தம் செய்த மீன். கூட்டத்தைப் பார்த்ததும் மனுஷனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"வாடகைப் படகா? நல்ல நேரத்துல வந்தீங்க பெரியவரே!" என்றான் கார்டன். "இவங்கள ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்க. மீன அங்க வெச்சிருங்க, அண்ணி பொரிச்சுடுவாங்க." அவர் சட்டைப் பையில் ஒரு டாலர் நோட்டையும் திணித்தான்.

ஏர்ல் அவன் கன்னத்தில் ஒன்று விட்டாரா? அதெல்லாம் அந்த ஊர்க்காரருக்கு வருமா! "சாரி, தொந்தரவு பண்ணிட்டேன்" என்று நோட்டையும் மீனையும் நாற்காலியில் வைத்துவிட்டுப் படகுக்குத் திரும்பினார்.

சமையலறை ஜன்னலில் நின்று உருளைக்கிழங்கு சாலட் கலந்துகொண்டிருந்த முரியல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். இவர் இப்போது போனால் போனதுதான். கிண்ணத்தோடு ஓடி வந்தாள்.

"ஏர்ல், நில்லுங்க!"

"விருந்தாளிங்க இருக்காங்களே, முரியல். இன்னொரு நாள்..."

"இன்னொரு நாள் நீங்க வரமாட்டீங்க, எனக்குத் தெரியாதா? உங்க வீட்டு அடுப்புல பொரிச்சுக்கலாம், வாங்க." மீனை எடுத்துக்கொண்டாள். "கார்டன், இன்னிக்கு நான் சாப்பிடக் கூப்பிட்டது இவர ஒருத்தரத்தான். நீங்கள்லாம் தானா வந்தவங்க."

கார்டன் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தான். முடியவில்லை. அவன் மனைவி லினெட், "அப்ப எங்களுக்குச் சாப்பாடு, அக்கா?" என்றாள். மானம் போகிற நேரத்திலும் அந்த அம்மாளுக்கு வயிறுதான் முந்திக்கொண்டது.

"டவுன்ல கடை இருக்கு. சாப்பிட்டுட்டு அப்படியே ஊரப் பாத்துப் போங்க."

லினெட்டின் கண் கலங்கியது. கார்டன், அந்தத் தடியன், குழந்தை மாதிரி உதட்டைப் பிதுக்கினான். முரியல் சட்டென்று படகில் இறங்கிக் கயிற்றைத் தானே அவிழ்த்தாள்.

"சீக்கிரம் எடுங்க, ஏர்ல். இதுங்களப் பாத்துப் பாவம்னு தோணறதுக்குள்ள எடுங்க!"