பட்டியலில் வராத ஸ்விட்ச்

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் மேலூர் சாலையில் ஒரு கல்லூரியில் நெட்வொர்க் வேலை பார்த்தேன். கேபிள் இழுப்பது, பெட்டி மாட்டுவது எல்லாம் பேரையூர்க்காரர் ஒருவரின் பொறுப்பு. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

ஒரு கட்டடத்தின் கம்ப்யூட்டர்களை எல்லாம் இணைக்கிற பெட்டிதான் ஸ்விட்ச். மெயின் ஸ்விட்ச் போக, கட்டடங்களில் பன்னிரண்டு இருந்தன. ஒவ்வொன்றும் தன் பெயரை மெயின் ஸ்விட்சுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். மெயின் ஸ்விட்சில் ஒரு கட்டளை அடித்தால் அந்தப் பெயர்கள் வரிசையாக வரும்.

ஒரு கோடை விடுமுறையில் பொருட்களைச் சரிபார்த்தார்கள். நிர்வாக அதிகாரி பக்கத்தில் நிற்க, கட்டளையை அடித்தேன். பதினொரு பெயர்தான் வந்தது. லைப்ரரி இல்லை.

"லைப்ரரியில நெட் வருதே?"

"வருது சார். ஆனா நம்ம ஸ்விட்ச்சுன்னா பேர் வரணும். வேற சாதாப் பெட்டி எதையாச்சும் மாட்டியிருந்தா வராது."

யோசிக்காமல் சொன்னேன். லைப்ரரிக்குப் போய் ஏணி வைத்து ஏறிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். வெயிலுக்குச் சோம்பி உட்கார்ந்துவிட்டேன்.

அதிகாரி பேரையூர்க்காரரை அழைத்தார். ஆபீஸில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். "லைப்ரரி ஸ்விட்ச எங்கய்யா வித்த?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"என் கையால மாட்டுனேன் சார்." அவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ போயிப் பாத்தியா?"

"பட்டியல்ல வரலண்ணே."

"பாத்தியான்னு கேட்டேன்."

சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டு அவர் வெளியே போனார்.

அதன் பிறகுதான் நான் லைப்ரரிக்குப் போனேன். தூசிக்கு நடுவே எங்கள் ஸ்விட்ச் பச்சை விளக்கு மினுக்க இருந்தது. மாட்டும்போது அதன்மேல் அவர் பெயின்டில் எழுதிய எண் கலையாமல் இருந்தது.

திரும்பி வந்து மெயின் ஸ்விட்சின் அமைப்பை வரி வரியாகப் படித்தேன். லைப்ரரி கேபிள் செருகியிருந்த போர்ட்டில் மட்டும் பெயர் அனுப்பும், வாங்கும் வசதி அணைந்திருந்தது. அணைத்தது நான். இரண்டு மாதம் முன்பு லைப்ரரி கேபிளைக் கழற்றிவிட்டு அந்த போர்ட்டில் வெளியாள் மெஷின் ஒன்றைச் செருகிச் சோதித்தபோது, எங்கள் விவரம் அதற்குப் போகக் கூடாதென்று அணைத்தேன். மறுபடி போட மறந்துவிட்டேன். இப்போது போட்டதும் ஒரு நிமிடத்தில் லைப்ரரியின் பெயர் வந்தது.

அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். "அதான் இருக்குல்ல, விடுங்க" என்று ஃபைலைப் புரட்டினார்.

சாயங்காலம் ஆனையூரில் பேரையூர்க்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி தண்ணீரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"தப்பு என்னுதுண்ணே. நாந்தான் அணைச்சு வச்சிருந்தேன்."

"இத இங்க வந்து சொல்லி என்ன செய்ய? அம்புட்டுப் பேரு முன்னாடியில்ல கேட்டாரு."

மறுநாள் ஆபீஸில் நின்று நடந்ததைச் சொன்னேன். முந்தைய நாள் இருந்தவர்களில் மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். அதிகாரி தலை நிமிரவில்லை. மற்றவர்கள் என்ன நினைத்துக்கொண்டு ஊருக்குப் போனார்களோ, தெரியாது.

அடுத்த வாரம் அவர் வேலைக்கு வந்தார். அதற்குப் பிறகு எந்தப் பெட்டி மாட்டினாலும், மூடுவதற்கு முன் என்னை வரச்சொல்லுவார்.

"நம்பரப் படிச்சிக்கங்க சார்."

நான் படித்துச் சொன்ன பிறகுதான் திருகாணியை முடுக்குவார். நான் அந்த வேலையை விடும்வரை அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடவே இல்லை.